சிறப்புக் குழந்தைகளின் டீச்சருக்குத் துணை யார்?

ஒரகடம் கூட்டு ரோட்டில் காலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடம் அது. கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள், கண்ணாடி, செல்போன் என்று இந்த வட்டாரத்தில் தயாராகாத பொருள் குறைவு. எந்தத் தொழிற்சாலையிலும் ஒரு விஷயத்தில் கறாராக இருப்பார்கள். ஆள் வரவில்லை என்பதற்காக லைன் நிற்கக் கூடாது. ஒருவர் லீவு என்றால் அந்த இடத்தில் இன்னொருவர் நிற்பார்.

அதே தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் வேறொரு வேலை நடக்கிறது. பேச்சு வராத குழந்தைக்குத் தண்ணீர் கேட்கச் சொல்லித் தருவது, பார்வை இல்லாத மாணவிக்குப் புள்ளிகளைத் தடவி எழுத்தாக்கப் பழக்குவது, எழுத்துகள் இடம் மாறித் தெரியும் சிறுவனுக்கு ஒரு வரியைப் பிழையில்லாமல் வாசிக்கும் தைரியத்தைக் கொடுப்பது போன்றவை அந்த வேலைகள். இதைச் செய்யும் டீச்சர் ஒரு மாதம் விடுப்பில் போனால் அந்த இடத்தில் வந்து நிற்க இன்னொருவர் கிடைப்பது அரிது. வேலையையே விட்டுவிட்டால், குழந்தை கற்றுக்கொண்டதில் பாதி மறந்துபோன பிறகுதான் அடுத்தவர் வருவார்.

சிறப்புக் குழந்தைகளைப் பற்றி நிறைய பேசுகிறோம். அவர்களுக்குச் சொல்லித் தருகிறவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு. இந்த வாரம் அவர்களைப் பற்றி.

யார் இந்தச் சிறப்புப் பயிற்றுநர்கள்?

தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் ஒரு வட்டார வள மையம் உண்டு. 'பி.ஆர்.சி' என்றால் பள்ளிகளில் எல்லோருக்கும் தெரியும். ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் என ஒவ்வொரு ஒன்றியத்திலும் இந்த மையத்தை நம்பித்தான் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான பணிகள் நடக்கின்றன. 2018-ல் தொடங்கிய 'சமக்ர சிக்ஷா' என்ற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் உள்ளடக்கிய கல்விப் பிரிவில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் வேலை செய்கிறார்கள்.

இவர்களுக்கு ஒரே பள்ளி, ஒரே வகுப்பறை என்பது கிடையாது. சில நாள் ஊர் ஊராக அரசுப் பள்ளிகளுக்குப் போக வேண்டும். சில நாள் மையத்துக்கு வரும் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். எழுந்து உட்காரவே முடியாத குழந்தைகளின் வீட்டுக்கே போய்ச் சொல்லித் தருவதும் இவர்கள் வேலைதான். கடுமையான பாதிப்பு உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-ல் திருத்தம் வந்தது. அந்த உரிமையை வீட்டு வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பவர் இந்த டீச்சர்.

யார் வேண்டுமானாலும் இந்த வேலைக்கு வந்துவிட முடியாது. சிறப்புக் கல்வியில் பட்டயமோ பி.எட் பட்டமோ முடித்து, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இதற்கென்றே 1992-ல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இந்த வட்டாரத்துக்கு எட்டும் தூரத்திலேயே பயிற்சி தரும் இடங்களும் இருக்கின்றன. முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கப்பட்ட பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பூந்தமல்லியில் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. படித்து வருகிறவர்களுக்குக் குறைவில்லை. வந்தவர்கள் இந்த வேலையில் நிலைத்து நிற்கிறார்களா என்பதுதான் கேள்வி.

பல் தேய்ப்பதும் பாடம்தான்

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த வேலை 'குழந்தையைப் பார்த்துக்கொள்வது' போலத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால்தான் அதன் நுணுக்கம் புரியும்.

பல் தேய்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது ஒரே வேலை. அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைக்கு அது பன்னிரண்டு, பதினைந்து வேலை. பிரஷ்ஷை எடுப்பது, பேஸ்ட் மூடியைத் திறப்பது, அளவாகப் பிதுக்குவது, மூடுவது, வாயைத் திறப்பது, மேல்வரிசை, கீழ்வரிசை, கொப்பளிப்பது, துப்புவது என ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லித் தர வேண்டும். எந்தப் படியில் குழந்தை தடுமாறுகிறது என்று குறித்துவைத்து, அதில் மட்டும் கைபிடித்து உதவி, மெல்ல மெல்லக் கையை எடுத்துவிட வேண்டும். மொத்தத்தையும் கற்க மூன்று மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம்.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாவிட்டால் பதற்றம் வந்துவிடும். அதனால் அன்றைய நாளைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுவார்கள். பிரார்த்தனை, கணக்கு, சாப்பாடு, விளையாட்டு, வீடு என ஒவ்வொன்றும் முடிந்ததும் அந்தப் படத்தைக் குழந்தையே எடுத்துப் பெட்டியில் போடும். பார்க்கச் சின்ன விஷயம். வகுப்பில் அலறல் குறைவதற்கு இது பெரிய காரணமாக இருக்கும்.

பேச்சு வராத குழந்தைகள் படத்தைத் தொட்டுப் பேச உதவும் 'ஆவாஸ்' என்ற செயலி சென்னையில் உருவானது. அதை உருவாக்கியவர் அஜித் நாராயணன். 1985-ல் பூனம் நடராஜன் தொடங்கிய 'வித்யாசாகர்' அமைப்பின் குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்து வளர்ந்த கருவி அது. ஆனால் கருவி வந்துவிட்டால் குழந்தை பேசிவிடாது. எந்தப் படம் முதலில், எந்தச் சொல் அடுத்து, வீட்டில் யார் பழக்குவது என்று உட்கார்ந்து யோசிக்க ஒரு டீச்சர் வேண்டும்.

இதற்கு மேல் எழுத்து வேலையும் இருக்கிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் எழுத வேண்டும். மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போக வேண்டும். அடையாள அட்டை, உதவித்தொகை, சக்கர நாற்காலி, காதொலிக் கருவி என விண்ணப்பங்களுக்கு அலைய வேண்டும். எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்ற வேண்டும். நடக்க முடியாத பத்து வயதுப் பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்து உட்கார வைத்து முதுகுவலி வாங்கிக்கொள்வதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. "என் பையன் எப்போ டீச்சர் பேசுவான்?" என்று ஒரு தாய் வாரா வாரம் கேட்கும்போது, பொய்யும் சொல்லாமல் நம்பிக்கையையும் உடைக்காமல் பதில் சொல்வது அதைவிடக் கனமான வேலை.

எத்தனை குழந்தைக்கு ஒரு டீச்சர்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. பழைய 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. புதிய சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும், 'டிஸ்லெக்சியா' போன்ற கற்றல் குறைபாடும் இப்படித்தான் பட்டியலுக்குள் வந்தன. 40 சதவிகிதத்துக்குக் குறையாத பாதிப்பு உள்ள பிள்ளைகள் 6 வயது முதல் 18 வயது வரை, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம் என்கிறது சட்டத்தின் 31-வது பிரிவு. 17-வது பிரிவு ஆசிரியர்களைப் பற்றிப் பேசுகிறது. சைகை மொழியும் பிரெய்லும் தெரிந்த ஆசிரியர்களையும், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்குச் சொல்லித் தரப் பயிற்சி பெற்றவர்களையும் நியமிக்க வேண்டும், போதுமான வள மையங்களை அமைத்துப் பள்ளிகளுக்குத் துணை நிற்க வேண்டும் என்பது அரசின் கடமை. டீச்சருக்குத் துணை என்பது சட்டத்திலேயே இருக்கிற விஷயம். யாரும் சலுகையாகத் தருவதல்ல.

எண்ணிக்கை விஷயத்தில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபர் 28 அன்று வந்த தீர்ப்பு, சிறப்பு ஆசிரியர்களுக்கென்று தனி விகிதம் வகுக்கச் சொன்னது. அதுவரை தற்காலிகமாக, மூளை முடக்குவாதம் உள்ள 8 குழந்தைகளுக்கு ஒருவர். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ள 5 பேருக்கு ஒருவர். பார்வையும் செவித்திறனும் சேர்ந்து பாதிக்கப்பட்ட 2 பேருக்கு ஒருவர் என்ற அளவைப் பின்பற்றச் சொன்னது. பிறகு 2022-ல் மத்திய அரசு பொதுப் பள்ளிகளுக்கான விகிதத்தை அறிவித்தது. தொடக்க வகுப்புகளில் மாற்றுத்திறன் மாணவர்கள் 10 பேருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர். அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர்.

இதை ஒரு மனக்கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஓர் ஒன்றியத்தில் தொடக்க வகுப்புகளில் 200, உயர் வகுப்புகளில் 150 மாற்றுத்திறன் மாணவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கணக்குக்கு 20 பேர், இரண்டாவதற்கு 10 பேர் என மொத்தம் 30 சிறப்பு ஆசிரியர்கள் வேண்டும். உங்கள் ஒன்றியத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வட்டார வள மையத்தில் கேட்டுப் பாருங்கள். அந்த விடையிலிருந்தே பிரச்னையின் அளவு புரிந்துவிடும்.

2025 மார்ச் 7 அன்று அதே வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் கறாராகப் பேசியது. எத்தனை சிறப்பு ஆசிரியர் பணியிடங்கள் தேவை என்று மாநிலங்கள் அந்த மாதம் 28-ம் தேதிக்குள் அறிவிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவர்களின் தகுதியைக் குழு அமைத்துப் பரிசீலித்து, தகுதி உள்ளவர்களை நிரந்தர ஊதியத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. தொகுப்பூதியத்தில் இருக்கும் பயிற்றுநர்களுக்கு இந்த உத்தரவு பெரிய நம்பிக்கை.

தொகுப்பூதியம் என்றால் என்ன அர்த்தம் என்பது இந்த வட்டாரத்து 'கான்ட்ராக்ட்' தொழிலாளர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சமக்ர சிக்ஷா நிதியில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டம் தொடர்பான இழுபறியில் 2024–25-ம் ஆண்டுக்கான சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்ததாகத் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே நடக்கும் அரசியல் அது. ஆனால் அடுத்த மாதச் சம்பளம் தேதிக்கு வருமா என்ற கவலை, பஸ் பிடித்து ஒரு குழந்தையின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் டீச்சருக்குத்தான்.

ஷிப்ட் வீடுகளும் புது மொழியும்

இந்தத் தொழில் வட்டாரத்தில் வேலை பார்க்கும் சிறப்புப் பயிற்றுநருக்கு மற்ற ஊர்களில் இல்லாத சில சிக்கல்கள் உண்டு.

முதலாவது, ஷிப்ட். இந்த வாரம் அப்பா பகல் ஷிப்ட், அடுத்த வாரம் நைட் ஷிப்ட். அம்மாவும் வேலைக்குப் போகிறார் என்றால் குழந்தையை மையத்துக்கு யார் அழைத்து வருவது? பிசியோதெரபி வாரத்துக்கு ஒருநாள் மையத்தில் செய்தால் மட்டும் போதாது. மிச்ச நாள்களில் வீட்டில் தொடர வேண்டும். நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கும் வீட்டில் அது நின்றுபோகும். யாரையும் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது, வாடகை வீடு. வேலை மாறினால் வீடு மாறும். வீடு மாறினால் பள்ளி மாறும். சுங்குவார்சத்திரத்தில் இருந்த குடும்பம் படப்பைக்குப் போய்விடும். குழந்தையின் பெயரும் எண்ணும் கணினி வழியே புதுப் பள்ளிக்கு வந்துவிடும். ஆனால் பாத்ரூம் போக வேண்டும் என்றால் அந்தக் குழந்தை இடது காதைப் பிடிக்கும், மிக்ஸி சத்தம் கேட்டால் மேஜைக்கு அடியில் போய்விடும் என்பதெல்லாம் பழைய டீச்சரின் மனதோடு தங்கிவிடும். புது டீச்சர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்றாவது, மொழி. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று பல ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. நான்கு வயதுக் குழந்தை வகுப்பில் வாயே திறக்கவில்லை. தமிழ் புரியாததால் மௌனமா, காது கேட்காததாலா, பேச்சு வளர்ச்சி தாமதமா? தாய்மொழியில் பரிசோதிக்காமல் முடிவு சொன்னால் இரண்டு பக்கமும் தப்பாகிவிடும். நன்றாக இருக்கும் குழந்தைக்குக் குறை இருப்பதாக முத்திரை விழலாம். உண்மையில் காது கேட்காத குழந்தையை 'தமிழ் பழகினால் சரியாகிவிடும்' என்று விட்டுவிடலாம். இரண்டாவது தவறுக்கு விலை அதிகம். காது கேளாமையை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவுக்கு மொழி கைகூடும். அந்த வயது தாண்டிவிட்டால் மீட்பது கடினம். ஒடியாவோ இந்தியோ தெரிந்த ஒருவர், அதே லைன் வீட்டு அக்காவாக இருந்தாலும் சரி, பரிசோதனையின்போது கூட இருந்தால் டீச்சருக்குப் பாதி வேலை குறையும்.

வகுப்பு டீச்சரும் தனியாக இருக்கிறார்

சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கு வருவது எப்போதாவதுதான். மிச்ச நாள் முழுக்கக் குழந்தையோடு இருப்பவர் வகுப்பு ஆசிரியர். முப்பது பிள்ளைகளுக்கு நடுவே ஒரு குழந்தை திடீரென்று எழுந்து வெளியே ஓடினால் என்ன செய்வது என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா?

2022-ல் பள்ளிக் கல்வித்துறை 'நலம் நாடி' என்ற செயலியைக் கொண்டுவந்தது. வகுப்பு ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களைக் கவனித்து, குறைபாட்டின் அறிகுறிகளைப் பதிவு செய்ய அது உதவுகிறது. நல்ல தொடக்கம். ஆனால் கண்டுபிடித்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. வகுப்பு ஆசிரியருக்குத் தேவைப்படுவது நீண்ட பயிற்சி உரைகள் மட்டுமல்ல. திங்கட்கிழமை காலை என்ன செய்வது என்று சொல்லும் ஓர் ஆள் வேண்டும். சில எளிய விஷயங்களை எந்தப் பள்ளியிலும் உடனே தொடங்கலாம்.

* காது கேளாத குழந்தை உங்கள் உதட்டைப் பார்க்கும்படி முன்வரிசையில் உட்காரட்டும். கரும்பலகைப் பக்கம் திரும்பியபடி பேச வேண்டாம்.

* கற்றல் குறைபாடுள்ள மாணவரைத் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம். வாசிக்க வேண்டிய வரிகளை முந்தைய நாளே கொடுத்துவிடுங்கள்.

* ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு வகுப்பில் ஓர் அமைதியான மூலை இருக்கட்டும். அது தண்டனை மூலை ஆகிவிடக் கூடாது.

* பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு போன்ற சலுகைகள் இருக்கின்றன. கடைசி நேரத்தில் சான்றிதழுக்கு ஓடாமல், ஒன்பதாம் வகுப்பிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

* தலைமை ஆசிரியர் மாதம் ஒருமுறையாவது வகுப்பு ஆசிரியரையும் சிறப்புப் பயிற்றுநரையும் பெற்றோரையும் ஒன்றாக அரை மணி நேரம் உட்கார வைக்கலாம். பல பிரச்னைகள் அந்த அரை மணியில் தீரும்.

கம்பெனிகள் என்ன செய்யலாம்?

கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 'சி.எஸ்.ஆர்' என்று சொல்வது இதைத்தான். எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற ஏழாம் அட்டவணையில் 'சிறப்புக் கல்வி' என்ற சொல்லே நேரடியாக இருக்கிறது. தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு.

கட்டடம், பெயின்ட், ஸ்மார்ட் போர்டு ஆகியவை கண்ணுக்குத் தெரியும். திறப்பு விழா நடத்தலாம். ஒரு பேச்சுப் பயிற்சியாளரின் மூன்று வருடச் சம்பளத்துக்கு ரிப்பன் வெட்ட முடியாது. ஆனால் குழந்தைக்கு அதிகம் பயன்படுவது இரண்டாவதுதான். ஷிப்ட் இல்லாத நேரத்தில் சும்மா நிற்கும் கம்பெனி வேனை வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி மையத்துக்கு அனுப்பலாம். வீடு வீடாகப் போகும் பயிற்றுநர்களுக்குப் பயணச் செலவு தரலாம். தொழிலாளிகளில் சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர் யார் என்று கேட்டறிந்து, தெரபி நாளில் அவர்களுக்கு நைட் ஷிப்ட் போடாமல் இருக்கலாம். கடைசி விஷயத்துக்குப் பணமே தேவையில்லை. ஒரு சூப்பர்வைசரின் மனசு போதும்.

பெற்றோர் கையில் இருப்பவை

* ஒரு பக்கத் தாள்: குழந்தைக்குப் பிடித்தது, பயப்படுவது, பசி, தாகம், பாத்ரூம் ஆகியவற்றை எப்படித் தெரிவிக்கும், இதுவரை என்ன கற்றிருக்கிறது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். பழைய டீச்சரிடமே எழுதி வாங்குவது இன்னும் நல்லது. பள்ளி மாறினால் டி.சி-யோடு அதையும் கொடுங்கள்.

* அடையாள அட்டை: மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். 40 சதவிகிதத்துக்கு மேல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் உட்பட, தகுதி உள்ளவர்களுக்குத் தமிழக அரசு 2023 முதல் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. இந்த அலைச்சலை நீங்கள் பகிர்ந்துகொண்டால் டீச்சருக்குப் பாடம் எடுக்க நேரம் கிடைக்கும்.

* பள்ளி மேலாண்மைக் குழு: கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். மாற்றுத்திறன் குழந்தைகள் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்' என்ற வரையறைக்குள் வருவதால் அவர்களின் பெற்றோருக்கும் இடம் உண்டு. கூட்டத்துக்குப் போய் "எங்கள் பள்ளிக்குச் சிறப்புப் பயிற்றுநர் எந்தெந்த நாள் வருகிறார்?" என்று கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

* டீச்சரிடம் கேள்வியை மாற்றுங்கள்: "எப்போ சரியாகும்?" என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. "இந்த வாரம் வீட்டில் நான் எதைப் பழக்கட்டும்?" என்று கேட்டால் டீச்சரால் உடனே பதில் சொல்ல முடியும். அந்தப் பதில் குழந்தைக்கும் உதவும்.

சிறப்புப் பயிற்றுநர்களை 'சேவை மனப்பான்மை உள்ளவர்கள்', 'தெய்வம் மாதிரி' என்றெல்லாம் பாராட்டுவது நம் வழக்கம். அந்தப் பாராட்டில் ஒரு வசதியும் இருக்கிறது. தெய்வத்துக்குச் சம்பளம் தர வேண்டாம், பயணப்படி தர வேண்டாம், லீவும் தர வேண்டாம். அவர்கள் படித்துப் பயிற்சி பெற்று வேலைக்கு வந்தவர்கள். நிரந்தரப் பணி, நேரத்துக்குச் சம்பளம், சமாளிக்கக் கூடிய எண்ணிக்கையில் குழந்தைகள், கஷ்டமான நாளில் ஆலோசனை கேட்க ஒரு மூத்த ஆள் ஆகியவை கிடைத்தால் அவர்கள் வேலையில் நிலைப்பார்கள். அவர்கள் நிலைத்தால், போன வருடம் தண்ணீர் கேட்கக் கற்றுக்கொண்ட குழந்தை இந்த வருடம் தன் பெயரைச் சொல்லக் கற்றுக்கொள்ளும்.